எல்சியின் நீல முகம்

ராயப்பர் கோயிலுக்குப் பின்னால் இருந்த சந்தில் எல்சியைப் போல வாய் ஓயாமல் பேசுகிறவள் வேறு யாரும் இல்லை. குழாயடியில் அவள் நின்றால் வரிசை நகர்வதே தெரியாது என்பார்கள். அப்படிப்பட்டவள் 1969-இல் பல மாதங்கள் ஒரு விஷயத்தை மட்டும் புருஷனிடம் சொல்லாமலே வைத்திருந்தாள்.

புருஷன் சவரிநாதன் துறைமுகத்தில் மூட்டை இறக்குகிறவன். ஒருநாள் கயிறு அறுந்து மூட்டைகள் மேலே சரிந்ததில் வலது கால் முறிந்து, கட்டோடு வீட்டில் படுத்துவிட்டான். எதிர்வீட்டு டோரதி, பெரியமேட்டுப் பக்கம் ஒரு சித்திரப் பள்ளியில் பெருக்குகிறவள், எல்சிக்கு அங்கே ஒரு வேலை பிடித்துக் கொடுத்தாள். பிள்ளைகள் பார்த்து வரைவதற்காக அசையாமல் உட்கார்ந்திருக்கும் வேலை.

"சும்மா குந்திகினு இருந்தாப் போதும்மே," என்றாள் டோரதி.

எல்சி புடவையை இழுத்துப் போர்த்திக்கொண்டுதான் உட்கார்ந்தாள். அங்கே யாரும் அவளிடம் தப்பாக ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் இந்த மாதிரி இடங்களில் பெண்களைத் துணியில்லாமல் உட்காரவைப்பார்கள் என்று சந்தில் ஒரு பேச்சு உண்டு. அதற்குப் பயந்து, தனக்கும் பெருக்குகிற வேலைதான் என்று சவரிநாதனிடம் சொல்லிவிட்டாள்.

தண்டபாணி என்கிற மாணவன் அவளை வைத்து ஒரு பெரிய படம் போட்டான். தொடங்குமுன், "வீட்டுல உங்களுக்கு ரொம்பக் கஷ்டமான வேலை எதுக்கா?" என்று கேட்டான்.

"தண்ணிதான் தம்பி. கொயாயில புட்ச்சு மாடிக்கு ஏத்தறதுக்குள்ள உசுரே பூடும்."

அவன் ஒரு குடம் கொண்டுவந்து அவள் இடுப்பில் வைத்தான். கை அசையக்கூடாது, வாய் அசையலாம் என்றான். எல்சிக்கு அது போதும். படத்தை மட்டும் அவன் முடியும்வரை காட்டவே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்த நேரம், தண்டபாணி சைக்கிளில் வாசலுக்கே வந்துவிட்டான். "அக்கா, படத்துக்குப் பரிசு! கண்காட்சில மாட்டியிருக்காங்க. அண்ணனையும் கூட்டிட்டு வாங்க."

எல்சி சட்டென்று உள்ளே இருந்த புருஷனிடம் திரும்பினாள். "நான் பெருக்குற எடத்துல படிக்கற புள்ள," என்றாள் அவசரமாக. தண்டபாணி அவள் முகத்தைப் பார்த்தான். புரிந்துகொண்டு வாயை மூடிக்கொண்டான்.

கால்கட்டு பிரித்திருந்த சவரிநாதன் கைத்தடியை எட்டி எடுத்தான். "வாமே, போய்ப் பாக்கலாம். வூட்லயே கெடந்து பேஜாரா கீது."

பஸ்ஸில் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. ஊர் பார்க்கச் சுவரில் தன் முகம் தொங்கும், அதன் முன்னால் புருஷன் நிற்பான் என்பதையே நினைத்துக்கொண்டு வந்தாள்.

உள்ளே போய்ப் படத்தைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. மாதா காப்பாற்றிவிட்டாள்! வானம் மஞ்சள். குழாய் அடுப்புக் கங்கு மாதிரிச் சிவப்பு. வரிசையில் நிற்கிற பெண்கள் வெறும் கறுப்புக் கோடுகள். நடுவில் ஒருத்தி, குடம் பிடித்த கை முழங்காலுக்குக் கீழே நீண்டுகிடக்கிறது, முகம் முழுக்க நீலம். பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது.

சவரிநாதன் தடியை ஊன்றி நின்று பார்த்தான். "இன்னாபா தம்பி, மனுசாளுக்கு மூஞ்சி நீலமாவா இருக்கும்?"

"கண்ணுக்குத் தெரியறதை நான் போடலைண்ணே," என்றான் தண்டபாணி, தயங்கித் தயங்கி. "அவங்க சிரிச்சுப் பேசிட்டே இருப்பாங்க. பேச்சு நின்னா ஒரு நிமிஷம் முகம் வேற மாதிரி ஆயிடும். அப்ப எனக்கு இந்த நிறந்தான் தோணுச்சு."

சவரிநாதன் மறுபடி படத்தைப் பார்த்தான். இந்தத் தடவை வெகுநேரம் பார்த்தான்.

"பாவம்," என்றான். "யாரு பெத்த பொண்ணோ. ஒண்டியா தூக்கிகினு நிக்குது."

அதற்குமேல் எல்சியால் முடியவில்லை. "அது நான்தான்யா," என்று சொல்லி அழ ஆரம்பித்துவிட்டாள். அழுகைக்கு நடுவே எல்லாவற்றையும் சொன்னாள். போர்த்திக்கொண்டுதான் உட்கார்ந்தேன் என்பதை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

சவரிநாதன் அங்கே கிடந்த பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தான். "அவ்ளோதானா?"

"இன்னாய்யா அவ்ளோதானா?"

"பெருக்கிட்டு வர்றவ தலைல ஒரு தூசி இருக்காதா? டோரதி வந்தா பினாயில் நாறுது. உன்மேல பெயிண்டு எண்ணெ வாசனை. நீ பெருக்கப் போவல, வேற எதுக்கோ போறேன்னு எனக்கு எப்பவோ தெரியும்மே. கேக்க பயம். கால் ஒடஞ்சவன் கேட்டு, நீ இன்னா பதில் சொல்லுவியோன்னு..." மேலே சொல்லாமல் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தான். துண்டை எடுத்தபோது சிரித்துக்கொண்டிருந்தான்.

தண்டபாணி அவர்களுக்கு டீ வாங்கிவர ஓடினான்.

திரும்பும்போது பஸ்ஸில் எல்சி அடக்கிவைத்த அத்தனை மாதக் கதையையும் பேசினாள். கொட்டாவி விட்டால் கோபப்படும் வாத்தியார், மூக்கை மட்டும் பத்து தடவை அழித்துப் போட்ட பெண், ஒன்றையும் விடவில்லை. சவரிநாதன் ஊம் கொட்டிக்கொண்டே வந்தவன், மூலக்கொத்தளம் தாண்டுவதற்குள் அவள் தோளில் சாய்ந்து தூங்கிப்போனான். பல வாரமாக அவன் இரவில் சரியாகத் தூங்கியதில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டாள்; பேச்சை நிறுத்தவில்லை.

அடுத்த வருஷம் துறைமுகத்திலேயே அவனுக்குக் கேட்டில் உட்காரும் காவல் வேலை கிடைத்தது. எல்சி அந்தப் பள்ளிக்குப் போவதை விடவில்லை. பிறகு வந்த பிள்ளைகள் அவளைப் பச்சையாகவும் சிவப்பாகவும் போட்டார்கள். சந்தில் யாராவது ஒரு மாதிரியாகக் கேட்டால், அவளுக்கு முன்னால் சவரிநாதன்தான் பதில் சொல்வான்.