மாப்பிள்ளைக்கு ஒரு மெஷின் சோதனை

மனிதர்களைப் போலவே நடமாடும் மெஷின்கள் வருகிற படங்கள் என்றால் எனக்கு உயிர். தொண்ணூறுகளின் நடுவில் மலாக்காவில், பத்து பெரண்டாம் பக்கத்துத் தாமான் என்கிற வரிசைவீட்டுக் குடியிருப்பு ஒன்றில் இருந்த தமிழ்ப் பெண்ணுக்கு இது கொஞ்சம் கோளாறான ஆசைதான். மற்ற வீடுகளில் வீடியோ டேப் எடுத்தால் அழுகைப் படம் ஓடும், இல்லாவிட்டால் அடிதடிப் படம் ஓடும். நான் டேப்போடு வாசலில் கால் வைத்ததுமே அண்ணி அடுப்படியிலிருந்து குரல் கொடுப்பார்.

"மறுபடியும் தகரப் படமா லா?"

அப்பா அம்மா இல்லாத வீடு எங்களுடையது. அண்ணன், அண்ணி, நான், அவ்வளவுதான். ஃபேக்டரியில் ஐ.சி. என்கிற மின்னணுச் சில்லுகளைச் சோதிக்கும் பகுதியில் எனக்கு வேலை. விரல்நகம் அளவுள்ள கறுப்புச் சில்லைச் சோதனை மெஷினில் வைத்தால் பச்சை விளக்கு எரியும், அல்லது சிவப்பு எரியும். பச்சைக்கு ஒரு பெட்டி, சிவப்புக்கு ஒரு பெட்டி. நாள் முழுக்க இதையே பார்த்துவிட்டு ஃபேக்டரி பஸ்ஸில் வீடு திரும்பினால், எதிரில் வருகிற ஆளையும் எந்தப் பெட்டியில் போடலாம் என்று கண் தானாகவே அளக்கும்.

அப்படித்தான் என்னைப் பெண் பார்க்க வந்த இரண்டு மாப்பிள்ளைகளைச் சிவப்புப் பெட்டியில் போட்டேன். ஒருவர் என்ன கேட்டாலும் தன் அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறந்தார். இன்னொருவர் எதைக் கேட்டாலும் "உங்க இஷ்டம்" என்றார். இரண்டு பேருமே கல்யாணத்துக்குப் பிறகு நான் வேலையை விட்டுவிட வேண்டும் என்றார்கள். எனக்கு அந்த வேலையை விட மனமில்லை. அது ஒன்றும் ஆகா ஓகோ என்ற வேலை இல்லை. ஆனால் அந்த ஃபேக்டரிக் கதவைத் தாண்டி உள்ளே போய்விட்டால் நான் யாருடைய தங்கையும் இல்லை. அந்தச் சுகத்தை நான் யாருக்கும் விளக்கிச் சொன்னதில்லை, சொன்னாலும் புரிந்திருக்காது.

மூன்றாவது இடம் வந்தபோது அண்ணன் கறாராகச் சொல்லிவிட்டார். "இதையும் வேணாம்னு சொன்னா, இனிமே நான் யாரையும் வீட்டுக்குக் கூப்பிட மாட்டேன். நீயே பார்த்துக்க."

மாப்பிள்ளை மலாக்கா டவுனில் ஏர்கான் ரிப்பேர் செய்கிறவர். முன்பு லூபோக் சீனா பக்கம் ரப்பர் எஸ்டேட்டில் இருந்த குடும்பம், இப்போது டவுனில் நாலாவது மாடி ஃப்ளாட்டில் அம்மாவும் பிள்ளையும் மட்டும். அந்த அம்மாவுக்கு வீட்டோடு இருக்கிற மருமகள்தான் வேண்டுமாம். அண்ணி எனக்குப் பாடமே நடத்தினார். "வேலைய விடுவியான்னு கேட்டா, விட்டுருவேன்னு சொல்லு. பிறகு பார்த்துக்கலாம். அந்த அம்மாவ அத்தைன்னு கூப்புடு, ஆன்ட்டி கீன்ட்டின்னு கூப்புடாத." பாடத்தை ஒப்பிக்கச் சொல்லி வேறு கேட்டார். நானும் ஒப்பித்தேன்.

அந்த வாரம்தான் ஒரு படம் பார்த்திருந்தேன். ஆங்கிலப் படம், கீழே மலாய் எழுத்து ஓடும். ஓர் ஊர். மனிதர்களைப் போன்ற மெஷின்கள் உள்ளே வந்துவிடாமல் தடுக்க, ஊர் எல்லையில் ஒரு காவல்சாவடி. அதில் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். வருகிறவர்களிடம் முதலில் ஒரு கணக்குக் கேட்பாள். பிறகு, "உன் அம்மா கடைசியாக எதற்கு அழுதாள்?" என்பாள். மெஷின் இரண்டுக்கும் ஒரே வேகத்தில் பதில் சொல்லும். மனிதனோ இரண்டாவது கேள்வியில் நின்றுபோவான். அவ்வளவுதான் சோதனை. கடைசியில் ஒருவன் அதே கேள்வியை அவளிடமே திருப்பிக் கேட்கிறான். அவள் வாயைத் திறக்கிறாள், அதோடு டேப் முடிந்துவிட்டது. வீடியோ கடைக்காரர் பதிவு செய்தபோது டேப் போதவில்லை போலிருக்கிறது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

சோதனை மட்டும் மனதில் தங்கிவிட்டது. மூன்றாவது மாப்பிள்ளைக்கு அதையே வைத்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வந்தார்கள். சரி என்று ஆகிவிட்டால் கையோடு மாற்றிக்கொள்ளலாம் என்று வெற்றிலை, பழம், பூ வைத்த தட்டையும் கொண்டு வந்திருந்தார்கள். தேத்தண்ணி கொடுத்தேன். அந்த அம்மா நோஞ்சானாக, கண் மட்டும் பெரிதாக இருந்தார். "குடிங்க ஆன்ட்டி" என்றேன் வேண்டுமென்றே. அண்ணி என்னை முறைத்தார்.

பிறகு எங்கள் இருவரையும் தனியாகப் பேசச் சொல்லி அனுப்பினார்கள். தனியாக என்றால், கார் நிறுத்துமிடத்தில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, பின்னால் ஜன்னல் கண்ணாடிச் சட்டங்களின் இடுக்கு முழுக்கக் கண்கள்.

சுற்றி வளைக்காமல் ஆரம்பித்தேன். "பதினேழையும் இருபத்தாறையும் கூட்டினா எவ்ளோ?"

"நாப்பத்து மூணு. ஏன், கடையில உக்கார வைக்கப் போறீங்களா?"

"உங்கம்மா கடைசியா எதுக்கு அழுதாங்க?"

அவர் சிரிப்பு நின்றது. வாசல் சாக்கடையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்லச் சொன்னார். "எஸ்டேட் வீட்டக் காலி பண்ணப்ப. வீட்டுக்காக அழல. ஃப்ளாட்ல கோழி வளக்க முடியாதுல்ல, எல்லாத்தையும் புடிச்சிக் குடுத்துட்டோம். அதுக்கு அழுதாங்க."

என் மனதில் பச்சை விளக்கு பளிச்சென்று எரிந்தது. அப்போது பார்த்து அவர், "அந்தப் படத்தோட கடைசி உங்களுக்காச்சும் வந்துச்சா? எனக்கு அவ வாயத் தொறக்கிறதோட நின்னுபோச்சு" என்றார்.

அவரும் மலாக்காவில் அதே வீடியோ கடையில் அதே டேப்பை எடுத்திருக்கிறார். எனக்கு முகமெல்லாம் சுட்டது. சோதனை தெரிந்தவனுக்கே சோதனை வைத்திருக்கிறேன்! அவர் யோசித்தது நிஜமா, யோசிப்பதுபோல் நடித்தாரா? கோழி என்று ஒன்று இருந்ததா இல்லையா? ஆத்திரமாக வந்தது.

"இப்ப நான் கேக்கிறேன். வேலைய விடுவீங்களா?" என்றார்.

"விட்டுருவேன்" என்றேன். அவர் கேட்டு முடித்தாரோ இல்லையோ, பதில் வெளியே வந்து விழுந்துவிட்டது. அண்ணி ஊட்டிய பாடம்.

அவர் கேலி செய்யவில்லை. "ரொம்ப வேகமா சொல்லிட்டீங்களே" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போனார். மெஷின் யாரென்று எனக்குத் தெரிந்துபோயிற்று. அவமானமாக இருந்தது.

கூடத்தில் எல்லாருக்கும் முன்னால் அண்ணன் கேட்டார். "என்னம்மா, சரிதானே?"

எனக்குப் பதில் தெரியவில்லை. சரி என்றால் வேலை போய்விடும். இல்லை என்றால் அண்ணன் கைகழுவிவிடுவார். அதோடு, அந்த மனிதரை எனக்குப் பிடித்தும் இருந்தது. அது ஒரு புதுத் தொல்லை. தலையைக் குனிந்து யோசித்தேன், நிஜமாகவே யோசித்தேன்.

ஆனால் எங்கள் வீடுகளில் பெண் தலையைக் குனிந்து பேசாமல் நின்றால் சரி என்று அர்த்தம். இல்லை என்பதற்கு அழ வேண்டும், அல்லது அறைக்குள் போய்க் கதவைச் சாத்த வேண்டும். யோசிப்பதற்கென்று ஓர் அடையாளம் எங்கள் வழக்கத்தில் இல்லை. "புள்ளைக்கு வெக்கம்" என்று யாரோ சொல்ல, எல்லாரும் சிரிக்க, அண்ணன் தட்டை வாங்க இரண்டு கைகளையும் நீட்டிவிட்டார்.

"இருங்க" என்றார் மாப்பிள்ளை. "அவங்க இன்னும் பதில் சொல்லல. யோசிக்கிறாங்க."

அண்ணன் நீட்டிய கைகளை மடக்கிக்கொண்டார். இதை அவர் எந்தப் படத்திலும் பார்த்திருக்க முடியாது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதால் இல்லை என்று அர்த்தமாகிவிடுமே என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். பிறகு நிமிர்ந்து அந்த அம்மாவைப் பார்த்தே சொன்னேன்.

"எனக்குச் சம்மதம் ஆன்ட்டி. ஆனா வேலைய விட மாட்டேன். வெளிய விட்டுருவேன்னு சொன்னது சொல்லிக் குடுத்தது."

அண்ணி நெற்றியில் கை வைத்துக்கொண்டார். எல்லாரும் அந்த அம்மாவைப் பார்த்தார்கள். அவர் மடியில் கையைப் பிசைந்துகொண்டிருந்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன்.

"எஸ்டேட்டுல கோழியாச்சும் இருந்துச்சும்மா" என்றார் கடைசியில். "அதுங்ககிட்ட ஏதாச்சும் பேசிக்கிட்டு இருப்பேன். இங்க பகல் பூரா சுவருதான். அதுக்குத்தான் வீட்டோட இருக்கிற புள்ளையாக் கேட்டேன். வேற ஒண்ணும் இல்ல."

கோழி நிஜம். நான் மாப்பிள்ளையைப் பார்க்கவில்லை, பார்க்கத் தோன்றவும் இல்லை. இத்தனை நேரம் தப்பான ஆளுக்குச் சோதனை வைத்துக்கொண்டிருந்தேன்.

"மத்தியான ஷிஃப்ட் வாரத்துல காலையெல்லாம் வீட்டுலதான் இருப்பேன் அத்தை" என்றேன்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அண்ணன் மறுபடியும் தட்டை நோக்கிக் கையை நீட்டியபோது யாரும் தடுக்கவில்லை. அத்தை என்று சொல்ல எனக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. அந்தப் படத்துச் சோதனைப்படி பார்த்தால் நான் மெஷினேதான்.