கலியாண வீடு எந்தத் தெருவில?

இண்டைக்குக் காலமை பாரிஸ் ரெயினுக்கு சென்ட் பாங்ராஸ் போனம், நானும் என்ர மனுசனும். அவற்ர மச்சாளின்ர மகளுக்கு அங்க கலியாணம்.

லண்டன் ஸ்ரேசனுக்குள்ளயே பிரெஞ்சு பாஸ்போர்ட் ஒபிசர் இருப்பார் எல்லோ. ஏன் போறீங்கள் எண்டு இங்கிலிசில கேட்டார்.

மனுசன் நெஞ்சை நிமித்திக்கொண்டு, "வெடிங் ஹவுஸ்" எண்டார்.

"வீடு வாங்கவோ?"

"நோ நோ. வெடிங் ஹவுஸ்."

"சரி, அந்த வீடு எந்தத் தெருவில?"

"வீட்டில இல்லை, ஹோலில."

ஒபிசர் பாஸ்போர்ட்டை மூடி வைச்சிட்டு எங்களை மாறி மாறிப் பார்த்தார். ரெயினுக்கு இருபது நிமிசம்தான் கிடக்கு. நான் இடையில பூந்து, கலியாணக் கார்ட்டைக் காட்டி, எங்கட பாசையில 'வீடு' சும்மா ஒட்டிக்கொண்டு வாறது எண்டு விளங்கப்படுத்தி ஒருமாதிரித் தப்பினம்.

எங்களுக்குப் பின்னால நிண்ட கறுப்புக் கோட் அண்ணை எல்லாத்தையும் கேட்டுக்கொண்டு நிண்டவர். மெதுவாக் கேட்டார்: "தங்கச்சி, நான் செத்த வீட்டுக்குப் போறன். என்னெண்டு சொல்ல?"

கலியாணத்துக்குப் போற வாயால அந்தச் சொல்லைச் சொல்ல எனக்கு மனம் வரேல்லை. "ஃபமிலி பங்ஷன் எண்டு சொல்லுங்கோ அண்ணை" எண்டன்.

அப்பிடியே சொன்னார். ஒபிசர் சிரிச்சுக்கொண்டு பாஸ்போர்ட்டைக் குடுத்து, "நல்லா ஆடிப் பாடி என்ஜோய் பண்ணுங்கோ" எண்டார்.

இப்ப ரெயின் வெளிக்கிட்டிட்டுது. அண்ணைக்கு எனக்கு நேர் எதிர் சீற். பாரிசுக்கு இன்னும் ரெண்டு மணித்தியாலம் கிடக்கு.

நான் எங்க பாக்கிறதெண்டு ஆராவது சொல்லுங்கோ.