திமிங்கிலத்துக்குப் புத்தி இல்லையாம்!

பலகையில் கவிழ்த்திருந்த பித்தளை டம்ளர்கள் தானாகக் கிடுகிடுவென்று ஆடும்...

தங்கச் சுரங்கத்துக்குள் பாறை வெடித்தால் ஊரிகத்தில் எங்கள் தொழிலாளர் லைன் வீடுகளுக்கு முதல் தகவல் அதுதான். ஏர் பிளாஸ்ட் என்போம். அடுப்பை அப்படியே விட்டுவிட்டுப் பெண்களெல்லாம் சுரங்க வாயிலான ஷாஃப்டுக்கு ஓடுவார்கள்.

நான் எட்டாவது படித்தபோது அப்படி ஒருநாள். அப்பா ஆட்களை ஏற்றிவந்த முதல் கேஜிலேயே மேலே வந்துவிட்டார். அம்மா கிட்டே போவதற்குள், "கன்னியப்பன் இன்னும் கீழதான் கீறான்" என்று சொல்லிவிட்டு, தடுத்தவர்களைத் தள்ளிக்கொண்டு அதே கேஜில் திரும்ப இறங்கினார். கன்னியப்பன் மாமா சுரங்கத்தில் அவரோடு ஜோடியாக வேலை செய்யும் பார்ட்னர்.

மாமா பிழைத்தார். அப்பாவுக்கு வலது கால் நசுங்கிவிட்டது.

பார்க்க வந்தவர்கள் ஆரஞ்சுப் பழத்தோடு ஆளுக்கொரு வசவும் கொடுத்தார்கள். "இன்னா மனுசன்யா நீ! மேல வந்தவன் திரும்ப எறங்குவானா? புள்ளகுட்டிக்காரனுக்குப் புத்தி வேணா?"

கேட்டுக் கேட்டு அப்பாவே அதை நம்பிவிட்டார். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வார்.

அந்த வாரம்தான் சயன்ஸ் சார் பைலட் திமிங்கிலம் பற்றிச் சொன்னார். பேத்தமங்களா ஏரியைத் தாண்டித் தண்ணீரையே பார்த்திராத பிள்ளைகள் நாங்கள். வாயைப் பிளந்து கேட்டோம். அது மீனே இல்லையாம், நம்மைப்போல மூச்சு விடுமாம். இருட்டான ஆழத்துக்குப் போய்க் கணவாய் பிடிக்குமாம். கூட்டமாகவே வாழுமாம். ஒன்று கரையில் சிக்கினால் மற்றதெல்லாம் பின்னாலேயே வந்து சிக்குமாம்...

"கடல்ல தள்ளி விட்டாலும் திரும்பி வரும். சுத்த முட்டாள் ஜென்மம்!" என்று சிரித்தார்.

வந்ததே எனக்குக் கோபம்! "கூட்டாளிக்காக வர்றது முட்டாள்தனமா சார்? அப்ப எங்கப்பா?"

வகுப்பு முழுக்கச் சுரங்கத்துப் பிள்ளைகள். ஒருத்தரும் சிரிக்கவில்லை. மணி அடிக்கும்வரை பெஞ்சு மேல் நின்றேன்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் கொட்டித் தீர்த்தேன். மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"அதுங்கள்ல ஒண்ணாவது பொழச்சிதா?"

"தெரியலப்பா. சார் சொல்லல."

"இன்னா வாத்தியாரு அவரு! அதத்தான மொதல்ல சொல்லணும்?" என்று கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தார்.

போன வாரம் எங்கள் பழைய லைன்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு வீடியோ... கரை நெடுக அதே திமிங்கிலங்கள். தாயும் மகளும் சாகும்வரை ஒரே கூட்டத்தில் இருக்குமாம், இப்போதுதான் படித்தேன். சுற்றிலும் செல்ஃபி எடுக்கிறார்கள். கீழே, "லூசுங்க! தப்பிச்சுப் போகவேண்டியதுதானே?" என்று ஒருத்தன் எழுதியிருக்கிறான். கன்னியப்பன் மாமாவின் பேரன்!

அன்றைக்கு எங்கப்பா தப்பிச்சுப் போயிருந்தால் நீ ஏதுடா?

அவன் எழுதியதற்குச் சிரிப்புப் பொம்மை போட்டவர்கள் எத்தனையோ பேர். ஒன்றாவது பிழைத்ததா என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை.