பம்பைச் சுற்றி நின்றோம்

யுத்தத்தில் மன்னாரை விட்டு வந்து, கல்பிட்டிப் பக்கம் ஓர் அகதி முகாமில் இருந்தோம். அங்கே பெண்களின் வாசிப்பு வட்டமொன்றில் நான் புதிதாகச் சேர்ந்திருந்தேன். பெண்ணியமும் தொழில்நுட்பமும் பற்றி ஒரு கட்டுரை தந்தார்கள். ஒவ்வொரு வாக்கியமும் அரைப்பக்கம் நீளும். இயந்திரத்துக்கும் பால்நிலை உண்டு என்று அதில் ஒரு வரி. இரும்புக்கு ஏது ஆண், பெண் என்று எனக்கு எரிச்சல்தான் வந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை, ஆண்கள் எல்லாரும் ஜும்ஆத் தொழுகைக்குப் போயிருந்த நேரம், என்னுடன் பிறந்த மூத்தவரான ராத்தாவின் ஓலைக்குடிசை தீப்பிடித்தது. கிணற்றடியில் தண்ணீர்ப் பம்பு இருந்தது, குழாயும் பொருத்தியிருந்தது. அத்தனை பெண்களும் அதைச் சுற்றி நின்றோம். ஒருத்திக்கும் அதை இயக்கத் தெரியாது.

"ஆம்புளயள் வரட்டும்" என்றது ஒரு குரல். அது என் குரல்.

வாளியால் அள்ளி ஊற்றினோம். கடற்காற்று விடவில்லை. பக்கத்துக் குடிசையும் சேர்ந்து சாம்பலானது. உயிர்கள் தப்பியது அல்லாஹ்வின் கிருபை.

பள்ளிவாசலிலிருந்து ஓடிவந்த என் கணவர் பம்பைப் பார்த்தார்.

"இந்தக் கயித்தச் சுத்தி இழுத்தாச் சரிதானே! இதுகூடத் தெரியாதா?"

"நீங்க காட்டித் தந்தீங்களா?" என்றேன். பிறகு, "நானும் கேக்கல்ல" என்றேன்.

அவர் கயிற்றைச் சுற்றி என் கையில் தந்தார். இழுத்தேன். முதல் இழுப்பிலேயே பம்பு கிளம்பி, சாம்பலின்மேல் தண்ணீர் கொட்டியது. ராத்தா அதைப் பார்த்தபடி நின்றார்.

அந்தக் கட்டுரை இன்றும் எனக்கு முழுதாக விளங்காது. அந்த ஒரு வரியை வாசிக்கும்போது மட்டும் புகை மணக்கிறது.