இருபத்துமூன்று புளியங்கொட்டைகள்

இந்த நேரத்தில் எழுதுவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். மகள் உறங்கிய பிறகுதான் விளக்கு எனக்குக் கிடைக்கிறது. நவம் அண்ணை இறந்துவிட்டார். நெருப்புக் காய்ச்சல். இணுவிலிலிருந்து அவருடைய மைத்துனர் சைக்கிளில் வந்து, படலைக்கு வெளியே நின்றே சொல்லிவிட்டுப் போனார்.

உங்களில் சிலர் அவரோடு படித்தவர்கள். மற்றவர்களுக்கு அவருடைய பென்சில் எழுத்து மட்டும் தெரியும். கணனியின் அடி நிரலான கேர்ணலில், தகவலைப் பக்கெற்றுகளாகத் துண்டாக்கி அனுப்பும் பகுதியில் நீங்கள் செய்த மாற்றங்களை ரொறன்ரோவிலிருந்து அச்சடித்து அனுப்புவீர்கள். நானும் அவரும் பிழை பார்த்து எழுதுவோம். கரண்ட் இல்லாத ஊரில் எப்படிப் பார்த்தோம் என்று நீங்கள் கேட்டதில்லை.

நான் நிரலை வரிவரியாக வாசிப்பேன். அவர் நெற்வேர்க் அட்டையாக இருப்பார். சுளகில் இருபத்துநான்கு புளியங்கொட்டைகள், அவைதான் பக்கெற்றுகள். நிரலில் "கொடு" என்று வந்தால் ஒன்றைக் கையில் எடுப்பார். "விடு" என்று வந்தால் தகரப் பேணிக்குள் போடுவார். சொல்லாத எதையும் செய்யமாட்டார். "தங்கச்சி, இப்ப நான் அட்டை. எனக்கு யோசனை கிடையாது" என்பார். அதற்குப் பிறகு அந்த முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருக்கும்.

மகள் தவழத் தொடங்கியதிலிருந்து, தொடங்கும்போதும் முடிக்கும்போதும் கொட்டைகளை எண்ணுவேன். "உம்மடை பிள்ளை பக்கெற் தின்னுமோ?" என்று கேலி செய்வார். ஒரு நாள் எண்ணிக்கை ஒன்று குறைந்தது. மகளின் வாய்க்குள் விரலை விட்டுத் தேடினேன். அவள் வீரிட்டு அழுதாள். அண்ணை அசையவேயில்லை. அவருடைய வலக்கை மூடியிருந்தது.

"கையை விரியுங்கோ அண்ணை."

விரித்தார். கொட்டை உள்ளே இருந்தது. அது அங்கே இருப்பது அவருக்கே தெரியாது. "விடச் சொல்லி நீர் வாசிக்கேல்லையே" என்றார்.

உண்மைதான். அட்டை இடமில்லை என்று மறுக்கும் இடத்தில், அந்தப் பக்கெற்றை விடுவிக்கும் வரி நிரலில் இல்லை. ஒவ்வொன்றாகத் தேங்கி நினைவகம் நிறைந்து, ஒரு நாள் கணனி நின்றுபோயிருக்கும். நீங்கள் பாராட்டி எழுதிய திருத்தம் அது.

உங்கள் கடைசி மாற்றத்தை அவர் தனியாகப் பார்த்தார். மகளுக்கு உடம்பு சுட்டதால் நான் போகவில்லை. எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்து அங்கே போனபோது, அவர் மனைவி கமலாக்கா அச்சுத் தாள்களையும் பேணியையும் தந்தார். நான்காம் பக்கம் வரை சரி அடையாளம் இருந்தது. ஐந்தாம் பக்கத்தில் ஒன்றுமில்லை. பழக்கத்தில் கொட்டைகளை எண்ணினேன். இருபத்துமூன்று. கட்டிலின் கீழும் தேடினோம். பிறகுதான் அக்கா மெல்லச் சொன்னார்: "குளிப்பாட்டேக்கை வலக்கை விரியேல்லைப் பிள்ளை. அப்பிடியே விட்டிட்டம்."

ஐந்தாம் பக்கத்தை ஆறு தடவை பார்த்துவிட்டேன். பிழை தெரியவில்லை. ஆனால் வாசிப்பவளும் நான், அட்டையும் நான். கையை விரி என்று சொல்ல ஆளில்லை. நேற்றுச் சோறு தீத்தும்போது மகள் என் இடக்கை விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தாள். வெறுங்கை. அது மூடியிருந்ததே எனக்குத் தெரியாது.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்த இருபத்துமூன்றும், எண்ணாமல் எழும்பாத பழக்கமும். மாத முடிவுக்குள் எங்கள் கடிதம் வராவிட்டால் சரியென்று எடுத்து மாற்றத்தைச் சேர்ப்போம் என்று எழுதியிருந்தீர்கள். அவருடைய மௌனத்தைச் சரியென்று எடுக்காதீர்கள். இரண்டு பேராக இருந்து ஐந்தாம் பக்கத்தைப் பாருங்கள். சேர்த்துவிட்டீர்களா, இல்லையா? தயவுசெய்து விரைவில் பதில் எழுதுங்கள்.