பங்காளி கடையில் நம்ம பிஸ்கட்

டச்சு ஊரான உட்ரெக்டில் எங்கள் அலுவலகத்துக்கு ஒரு விநோத வழக்கம் உண்டு. போட்டிக் கம்பெனி புதிய கம்ப்யூட்டரை வெளியிடும் நாளில் எங்கள் அறையில் கேக் வெட்டுவோம். இத்தனைக்கும் எங்கள் கம்பெனியும் கம்ப்யூட்டர் செய்து விற்கிறது. கூடவே, படம் வரைகிற சாஃப்ட்வேர் ஒன்றும் வைத்திருக்கிறது. அந்த சாஃப்ட்வேரைப் போட்டிக்காரன் கம்ப்யூட்டரிலும் ஓடும்படி எழுதிக்கொடுப்பதுதான் எங்கள் ஆறு பேரின் பிழைப்பு. அவனுக்கு விற்பனை என்றால் எங்களுக்கு வேலை. முதல் வருடம் அந்தக் கேக்கை வாயில் வைத்தபோது எனக்கே ஒரு மாதிரிதான் இருந்தது. மற்ற மாடிக்காரர்கள் லிஃப்டில் என்னைப் பார்த்தால், "உங்கள் எதிரி சௌக்கியமா?" என்று இன்றும் விசாரிக்கிறார்கள்.

சென்ற மாதம் மரீக்கா என்கிற புது மேலாளர் வந்தார். டச்சுக்காரர்கள் மனசில் பட்டதை முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார்கள். "எதிரி வீட்டுக்கு நாம் ஏன் சமைத்துப் போடுகிறோம்? வெள்ளிக்கிழமைக்குள் நல்ல காரணம் சொல்லுங்கள், இல்லையென்றால் குழுவைக் கலைத்துவிடலாம்" என்றார். வேலை போனால் விசாவும் போகும். சைக்கிளில் பள்ளிக்குப் போய், தூக்கத்தில்கூட டச்சில் உளறுகிற மகளை இழுத்துக்கொண்டு கடலூருக்குப் பெட்டி கட்ட வேண்டும். மற்ற ஐந்து பேரும் விதவிதமாக வரைபடம் தயாரித்தார்கள். எனக்கு நினைவுக்கு வந்ததோ கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிற எங்கள் பேக்கரி.

அப்பாவும் பெரியப்பாவும் பாகம் பிரிந்தபோது ரொட்டி அடுப்பு யாருக்கு என்று பெரிய சண்டை. அடுப்பு அப்பாவுக்கு வந்தது. பெரியப்பா கோபித்துக்கொண்டு சிதம்பரம் கீழ வீதியில் தனிக் கடை போட்டார். பேச்சுவார்த்தை அன்றோடு சரி. ஆனால் காடாம்புலியூர் முந்திரி போட்டு அம்மா செய்கிற பிஸ்கட் மட்டும் தினமும் காலை பஸ்ஸில் டின்னோடு சிதம்பரம் போகும். அப்பா குதிப்பார். "என் அடுப்புல வெந்தது அந்தாளு கடைக்குப் போவணுமா? மானம், ரோஷம் எதுனா இருக்கா ஒனக்கு?" அம்மா அசர மாட்டார். "அவுங்க கடையில டீ குடிக்கிறவன் நம்மள என்னாங்க பண்ணான்? ஒரு பிஸ்கட்டுக்கோசரம் அவன் பஸ் ஏறி கடலூருக்கா வருவான்? நாம அனுப்பலன்னா வேற எவனாவது அனுப்புவான்." பெரியப்பாவும் வீம்புக்கு ஒரு வாரம் டின்னைத் திருப்பி அனுப்பிப் பார்த்தார். பிஸ்கட் இல்லை என்றதும் டீக்கு வந்தவர்கள் எதிர்க்கடைக்கு நடையைக் கட்டினார்கள். எட்டாம் நாள் டின்னை வாங்கிக்கொண்டார். ஆனால் குசும்பு போகுமா? தன் பிஸ்கட்டைக் கண்ணுக்கு நேராக அடுக்கி, எங்களுடையதைக் கீழ்த்தட்டில் பன்னுக்குப் பின்னால் ஒளித்து வைத்தார். போட்டிக் கம்பெனியின் ஆப் கடையில் எங்கள் சாஃப்ட்வேரைத் தேடினால் அவர்களுடையதுதான் முதலில் வரும். அப்போதெல்லாம் எனக்குப் பெரியப்பா முகம்தான் தெரிகிறது.

வெள்ளிக்கிழமை இந்தக் கதை முழுவதையும் மரீக்காவிடம் கொட்டினேன். நம் சாஃப்ட்வேருக்காக யாரும் கையிலிருக்கிற கம்ப்யூட்டரைத் தூக்கிப் போட மாட்டார்கள், ருசி கண்டவர்கள் நாளைக்கு நம் கடைக்கும் வரலாம் என்றேன். அவர்கள் எதிரிகள் இல்லை, பங்காளிகள் என்று முடிக்க ஆசை. பங்காளிக்கு ஆங்கிலத்தில் என்ன? முகத்தில் விழிக்க மாட்டோம், ஆனால் ஒரு சாவு என்றால் இரண்டு வீட்டுக்கும் தீட்டு. இதை எப்படிச் சொல்வது? "அங்கே இருப்பவர்கள் என் கஸின்கள்" என்று சொல்லித் தொலைத்தேன். மரீக்காவின் முகம் சுருங்கியது. திங்கட்கிழமை சட்டப் பிரிவிலிருந்து ஒருவர் படிவத்தோடு வந்து உட்கார்ந்தார். போட்டிக் கம்பெனியில் சொந்தக்காரர் இருந்தால் எழுதிக்கொடுக்க வேண்டுமாம்.

"உங்கள் கஸின் இருக்கும் இடத்தில் யாரைச் சந்திப்பீர்கள்?"

"பெரியப்பாவை."

"கடைசியாக எப்போது?"

"ஒரு சாவு வீட்டில்."

"எதையாவது பரிமாறிக்கொள்கிறீர்களா?"

"தினமும். பிஸ்கட்."

அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு மரீக்காவைக் கூப்பிட்டார். நான் தலையிலடித்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து விளக்கினேன். மரீக்கா கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு, "எட்டாம் நாளே வாங்கிக்கொண்டாரா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "அப்படியானால் அவர்களுக்கும் நாம் வேண்டும். வேலையைப் பாருங்கள்" என்று எழுந்து போனார். உறவுமுறை என்ற கட்டத்தில் தமிழிலேயே பங்காளி என்று எழுதிக்கொடுத்தேன். படிவக்காரர் அதை ஓவியம்போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

உடனே ஊருக்கு வீடியோவில் கூப்பிட்டேன். மரீக்கா வைத்த கெடுவை அவர்களிடம் முன்பே சொல்லியிருந்தேன். "டீமை மூடலம்மா!" என்றதும் அம்மா கைதட்டினார். "பாத்தியா, என் பிஸ்கட்டு வெள்ளக்காரன் ஊரு வரிக்கும் பேசுது!" அப்பா போனை வாங்கினார். "ரொம்ப சந்தோஷம்டா" என்றார். பிறகு, "மூடிட்டா வந்துருவியோன்னு மாடி ரூமுக்குப் பெயிண்ட் அடிச்சிட்டேன். பரவால்ல, காயட்டும்" என்றார். காட்டுங்கப்பா என்றேன். அவர் மூச்சு வாங்கப் படியேறிப் போனைத் திருப்பினார். நீலச் சுவர், திறந்த ஜன்னல், கட்டில் போடவேண்டிய இடம். போன் திரையில் அந்தக் காலி அறையின் மூலையில், சின்னச் சதுரத்துக்குள், உட்ரெக்ட் மழை பின்னால் பெய்ய, நான் நின்றுகொண்டிருந்தேன்.