செவலை வரக்கூடாத இடம்

நெல் கொள்முதல் நிலையத்தில் பட்டியல் எழுதுகிறவளுக்கு ஈரப்பதம் பார்க்கத் தெரிந்தால் போதாது, பஞ்சாயத்து பண்ணவும் தெரிய வேண்டும். திருவையாற்றுக்குப் பக்கத்தில் ஒரு நிலையத்தில் பருவத்துக்குப் பருவம் நான் பார்க்கும் வேலை இது. பத்துப் பேர் சுற்றி நின்று ஆளுக்கொரு நியாயம் கேட்கும் நாற்காலியில் உட்கார்ந்தவர்களுக்கு நான் படும் பாடு புரியும்.

யார் முகத்தைப் பார்த்து

மூட்டை தூக்கும் கலியன் அண்ணன் அந்தச் சம்பா அறுவடையில் ஒரு நாயோடு வேலைக்கு வந்தார். செவலை என்று பெயர். அவர் சைக்கிளுக்குப் பின்னாலேயே ஓடி வரும், எடை மெஷினுக்குப் பக்கத்தில் படுத்துக்கொள்ளும், மதியம் அவர் தூக்குவாளியைத் திறந்தால்தான் எழுந்திருக்கும். யாரையும் பார்த்துக் குரைத்ததுகூட இல்லை. ஆனாலும் சர்க்கார் இடம், நெல் கிடக்கும் இடம். "நாயெல்லாம் கூட்டிட்டு வராதீங்கண்ணே" என்றேன்.

அவர் மனைவி கார்த்திகையில் இறந்துபோனது எனக்கு அப்போது தெரியாது. அவர் கோபப்படாமல் சொன்னார்: "வீட்ல நாங்க ரெண்டு பேருதான் மேடம். நான் இங்க வந்துட்டா அது யாரு முகத்தப் பாத்துச் சோறு திங்கும்?"

சாணிப்பால் கோடு

நெல்லைக் குவித்துவிட்டு வீட்டுக்குப் போகிறவர்கள் சாணியைக் கரைத்துக் குவியலின் மேல் கோடாகத் தெளித்துவிட்டுப் போவார்கள். கோடு கலைந்திருந்தால் யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். கோவிந்தராஜ் என்ற விவசாயி ஒருநாள் காலையில் வந்து பார்த்தபோது, அவர் குவியலில் கோடு அறுந்து ஒரு பக்கம் சரிந்து கிடந்தது. மேலே செவலை நின்றுகொண்டிருந்தது. கலியன் அண்ணன் கட்டடத்துக்குப் பின்னால் சாக்கு அடுக்கிக்கொண்டிருந்தார். களம் கூட்டும் செல்வியைக் கேட்டேன். தான் ஒன்றும் பார்க்கவில்லை என்றாள்.

அன்றைக்கே எடை போட்டோம். நெல் குறையவில்லை. நாய்தான் ஏறிக் கலைத்திருக்கும் என்று எடுத்துச் சொல்லியும் கோவிந்தராஜுக்கு மனம் ஆறவில்லை. கலியன் அண்ணன் காதில் விழும்படியே சொன்னார்: "நாய் கலைச்சுதோ, நாய் பேரச் சொல்லி ஆளு கலைச்சானோ, நான் கண்டேனா?"

பலகை

மறுநாள் கரும்பலகையில், 'நிலையத்துக்குள் நாய் கொண்டுவரக் கூடாது' என்று நானே எழுதினேன். யாரையும் குறிப்பிட்டு எழுதவில்லை, பொதுவாகத்தான் எழுதினேன் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அங்கே இருந்ததே ஒரே ஒரு நாய். கலியன் அண்ணன் நின்று படித்தார். அதற்குப் பிறகு செவலையை வீட்டில் கட்டிப்போட்டுவிட்டு வந்தார்.

அந்த வாரமே ஆய்வுக்கு ஓர் அதிகாரி ஜீப்பில் வந்தார். மடியில் வெள்ளைவெளேரென்று ஒரு குட்டி நாய். வீட்டில் ஆள் இல்லையாம், தனியாக விட்டால் அது சாப்பிடாதாம். நான்தான் ஓடிப்போய்க் கிண்ணத்தில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தேன். மேலிடத்து ஆள் வந்தால் நம் கால் நம்மைக் கேட்காமலே ஓடும், உங்களுக்கும் தெரிந்ததுதான். ஜீப் போன பிறகு செல்வி துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு கேட்டாள்: "பலகையில எழுதுனது நம்ம நாய்க்கு மட்டுந்தானா மேடம்?"

செல்வியின் ஆடு

கட்டிப்போட்ட நாய் சோற்றைத் தொடவில்லை. கலியன் அண்ணன் மதியத்தில் சைக்கிளை மிதித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினார். அவர் திரும்பி வரும் வரைக்கும் லாரி நின்றது, மற்றவர்கள் முணுமுணுத்தார்கள். ஒரு திங்கட்கிழமை அவர் வரவில்லை. செவ்வாயும் வரவில்லை.

புதன்கிழமை செல்வி என் மேசைக்கு முன்னால் வந்து நின்று அழுதாள். வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் அவளும் தன் ஆட்டை ஓட்டிவந்து வெளியே வேலியோரம் கட்டுவாளாம். கோடு கலைந்த அன்று காலையில் கயிறு அவிழ்ந்து குவியலில் ஏறியது அந்த ஆடு. அதைக் கீழே விரட்டத்தான் செவலை மேலே ஏறியது. கோவிந்தராஜ் வருவதற்குள் ஆட்டை இழுத்துக்கொண்டுபோய் மறைத்துவிட்டாள். எனக்கு ஆத்திரம் பொங்கியது. திட்ட வாயெடுத்தேன். அதற்குள் அவள் சொன்னாள்: "அன்னிக்கே சொல்லியிருந்தா என்னைய மறுநா உள்ள விட்டிருப்பீங்களா மேடம்? எனக்கு அந்த ஆடும் இந்த வேலையுந்தான் இருக்கு."

இரண்டு தட்டு

பலகையை அழித்தேன். கோவிந்தராஜுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன். கேட்டுவிட்டு வைத்துவிட்டார். சாயங்காலம் செல்வியும் நானும் கலியன் அண்ணன் வீட்டுக்குப் போனோம். வாசலில் அவருக்கு ஒரு தட்டு, நாய்க்கு ஒரு தட்டு. செல்வி நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். "சரி, போ புள்ள" என்றார், அவ்வளவுதான்.

இப்போது வரப்பு வெட்டும் வேலைக்குப் போகிறாராம். செவலையும் கூடவே போகிறதாம். எனக்கு அவர் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. "நாளையிலேருந்து செவலையோடவே வாங்கண்ணே" என்றேன். செவலை எழுந்து வந்து என் காலடியில் படுத்துக்கொண்டது. அதைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அது ஒண்ணும் மனசுல வச்சுக்காது மேடம், கூப்பிட்டா நாளைக்கே வந்துரும். நான்தான் வரமாட்டேன்."

வேலையிடத்துக்கு நாய் வரலாமா என்று யாராவது கேட்டால், அதைக் கூட்டிவரும் மனுஷன் நமக்கு வேண்டுமா என்று யோசித்துவிட்டுப் பலகையில் எழுதுங்கள் என்றுதான் இப்போதெல்லாம் சொல்கிறேன்.